அக்கா உள்ளே இருக்கிறாள்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பிரிப்பதே இல்லை. மாத்திரை அட்டையை உருவிக்கொண்டு தாளைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனால் அச்சாவதற்கு முன்னால் அதை ஓர் எழுத்து விடாமல் படிக்க ஒருவர் வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த ஒருவர் அவள்தான்.

காலையில் அச்சகத்திலிருந்து பழுப்பு உறையில் புரூஃப் வரும். மருந்து நிறுவனம் தந்த மூலப்படியை இடப்பக்கமும் புரூஃபை வலப்பக்கமும் பரப்பிக்கொள்வாள். எஃகு அடிக்கோலைக் கடைசி வரிக்குக் கீழே வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவாள். மேலிருந்து படித்தால் பொருள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும், கண் பாதியைத் தாண்டிவிடும். கீழிருந்து படித்தால் ஒவ்வொரு வரியும் தனியாக நின்று தன்னைக் காட்டும். எண் வருகிற இடத்தில் மட்டும் வாய்விட்டுப் படிப்பாள். எந்தப் புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அச்சகத்தில் அவளுக்குப் 'புள்ளி மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு வந்திருந்தது. உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

வேலை நடந்தது கூடத்துச் சாப்பாட்டு மேசையில். மேசைக்கு ஒரு பக்கம் அவள். இன்னொரு பக்கம், ஜன்னலோரமாக, ஒரு முக்காலியில் சின்னவன்.

சின்னவன் அவளுடைய தம்பி. வயது நாற்பத்தொன்று, உயரம் ஆறடி. அவன் காலுக்குச் செருப்பு வாங்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். "அவனுக்கு எல்லாம் கொஞ்சம் மெதுவா வரும்" என்று கேட்பவர்களிடம் அம்மா சொல்வாள். "வந்துட்டா போகாது" என்று அப்பா சேர்த்துக்கொள்வார். இரண்டுமே சரி. சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொள்ள அவனுக்குப் பதினோரு வயதாயிற்று. அதன்பிறகு ஒருநாள்கூட ஒரு பொத்தான் மாறியதில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் ஒருவர், நல்ல மனிதர்தான், அவளைக் கட்டிக்கொள்கிற எண்ணத்தோடு வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சின்னவன் யாரோடு இருப்பான் என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "என்னோட" என்றாள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாள் காலை பழுப்பு உறை வந்துவிட்டது.

அவள் எண்ணை வாய்விட்டுப் படிக்கும்போது கடைசிச் சொல்லைச் சின்னவன் திருப்பிச் சொல்வான். "ஒரு நாளைக்கு மூன்று வேளை" என்பாள். "மூணு வேளை" என்பான். "ஆறு வயதுக்கு மேல்." "மேல்." அதைக் கேட்டபிறகுதான் அவள் அடிக்கோல் அடுத்த வரிக்கு நகரும். யாரும் ஏற்பாடு செய்ததல்ல. காலப்போக்கில் அப்படி அமைந்துவிட்டது. இடைவெளிகளில் தெருவில் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

"அக்கா, பச்ச வேன்."

"ம்."

"நேத்து வந்ததேதான்."

"ம்."

"நீ பாக்கவே இல்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பாத்தல்ல. நம்ம வீட்டுக்கு ஒருத்தர் பாத்தா போதும்."

ஒவ்வொரு தாளையும் பார்த்து "இது எனக்கா?" என்று கேட்பான். "இல்லடா, இது மாட்டுக்கு" என்று ஒருமுறை சொன்னாள். உண்மையிலேயே அது கால்நடை மருந்து. அன்று மாலை வரை அவன் மாடு மாதிரியே கத்திக்கொண்டிருந்தான். கடைசியில் அவளும் ஒரு தரம் கத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்துத் தாள். மூலப்படியில் 2.5 மில்லி என்று இருந்தது. புரூஃபில் புள்ளி விழுந்துபோய் 25 என்று நின்றது. அவள் அதைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். மடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, ஏதோ தற்செயலாகப் படித்துப் பார்த்து, "இவ்வளவு குடுத்தா கொழந்த தாங்குமா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு தாள்கூட வெளியே போகவில்லை. பதினைந்தாயிரம் தாளும் கூழாயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அந்தக் கேள்வியும் புள்ளி மேடத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது.

அச்சக மேலாளர் அவளை அழைத்துப் பேசினார். அவளைவிட வயதில் சிறியவர். கத்துகிற ஆள் இல்லை.

"மேடம், வீட்ல எங்க உக்காந்து பாக்கறீங்க?"

"ஹால்ல. சாப்பாட்டு மேசைல."

"பக்கத்துல யாராச்சும் இருப்பாங்களா?"

"தம்பி இருப்பான்."

"சின்னப் பையனா?"

"நாப்பத்தொண்ணு."

அவர் எதிரில் இருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். பிறகு, மருந்து நிறுவனம் இனி வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விதி போட்டிருக்கிறது என்றார். தனி அறை வேண்டும். சாத்துகிற கதவு வேண்டும். படிக்கிற நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஒரு மாதத்தில் ஆள் வந்து பார்ப்பார். "உங்கள விட்டுட எனக்கு இஷ்டமில்ல மேடம். அதுக்காகத்தான் சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், அந்தத் தாளைப் படித்த அன்று சின்னவன் என்ன பேசிக்கொண்டிருந்தான் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவன் பேசினானா, இருபத்தைந்து என்று அவளே வாய்விட்டுச் சொல்லி அவனும் திருப்பிச் சொன்னானா, எதுவும் தெரியவில்லை. ஆனால் பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்று மனம் தேடும்போது, மிக அருகில் இருப்பவர் தலை வசதியாக அகப்படுகிறது. அவன் பேச்சுதான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். வேலை போகக் கூடாது; சின்னவன் வாடவும் கூடாது. ஒரு கதவை வைத்துக்கொண்டு இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்றுதான் அப்போது தோன்றியது.

கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறை இருந்தது. அப்பா இருந்தபோது சைக்கிள் நிறுத்தியது. பிறகு உடைந்த சாமான்கள் சேர்ந்தன. பின்புறம் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு அதற்கு உண்டு, எப்போதும் தாழ் போட்டே கிடக்கும். சின்னவன் கணக்கில் அது சுவர். அவள் அறையை ஒழித்தாள், சுவருக்கு வெள்ளையடித்தாள், தச்சரை வரவழைத்தாள். மேசை சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், ஜன்னலைப் பார்க்கக் கூடாது, விளக்கு இடப்பக்கம், மூலப்படியைச் சாய்த்து வைக்க ஒரு பலகை, எழுந்திருக்காமலே கைக்கு எட்டுகிற உயரத்தில் அகராதித் தட்டு. எல்லாவற்றையும் கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். கூடத்துப் பக்கக் கதவின் நான்கு ஓரத்திலும் கம்பளிப் பட்டை ஒட்டச் சொன்னாள்.

தச்சர் வேலை செய்த ஐந்து நாளும் சின்னவனுக்குக் கொண்டாட்டம். ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றான். தச்சர் அவனை 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இந்தத் தட்டு நேரா இருக்கா?"

சின்னவன் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். "இல்ல."

"ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சே, நேராத்தானே இருக்கு?"

"நீங்க கோணலா நிக்கறீங்க."

தச்சர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "அம்மா, இவர எனக்குக் குடுத்துடுங்க. கடையில ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சுக்கறேன்."

கடைசி நாள் தச்சர் போனபிறகு அவள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். புது மேசை, புது நாற்காலி, விளக்கு. மேசையின் மறுபக்கம், சுவருக்கும் மேசைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில், சின்னவன் தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தான். அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால் இடித்துக்கொண்டு, அவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். முக்காலியை வெளியே எடுத்து வைத்தாள்.

அவனுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஓர் அட்டையின் ஒரு பக்கம் சிவப்புத் தாளும் மறுபக்கம் பச்சைத் தாளும் ஒட்டி, கதவுக் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சிவப்பு என்றால் அக்கா உள்ளே வேலை செய்கிறாள்; பச்சை என்றால் வரலாம். அதைச் சொல்லித் தர உட்கார்ந்தாள்.

"சிவப்புன்னா?"

"அக்கா உள்ள."

"தட்டலாமா?"

"கூடாது."

"கூப்பிடலாமா?"

"கூடாது."

"பசிச்சா?"

"கூடாது."

"பசிச்சா கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்? மேசை மேல மூடி வெச்சிருப்பேன். எடுத்துச் சாப்பிடணும்."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பச்சையில சாப்பிடறேன்" என்றான். "நீயும் வருவல்ல."

பதினோரு நாளில் கற்றுக்கொண்டான். பொத்தானுக்கு ஆன காலத்தை நினைத்தால் இது மின்னல் வேகம். அவள் கை தட்டினாள், கேக் வாங்கிக் கொடுத்தாள், மாடி வீட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். மாடி வீட்டு அம்மா அவர்களுக்கு வேண்டியவர். அவள் வெளியே போகும்போது அவனைப் பார்த்துக்கொள்பவர். "சிவப்பா இருந்தா நீங்களும் கூப்பிடாதீங்கம்மா, அப்பதான் அவனுக்குப் படியும்" என்று அவரிடமும் கேட்டுக்கொண்டாள்.

உள்ளதை உள்ளபடி சொல்வதானால், அந்த அறை நன்றாக வேலை செய்தது. ஒரு நாளில் நான்கு தாள் படித்தவள் ஏழு படித்தாள். கண் நழுவவில்லை. எண்களை வாய்விட்டுப் படித்தால் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. வந்து பார்த்த ஆள் கதவைத் திறந்து மூடி, படம் எடுத்துக்கொண்டு, திருப்தியாகப் போனார். மூன்று மாதம் கழித்து மேலாளர், "உங்க தாள்ல ஒரு குத்தம் இல்ல மேடம்" என்று தொலைபேசியில் சொன்னார். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும். அந்த அமைதி அவளுக்குப் பிடித்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை அட்டையைத் திருப்புவதாகத்தான் ஏற்பாடு. அது இரண்டு மணியாயிற்று. சில நாள் மூன்று. தாள் முடிந்தபிறகும் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

சின்னவன் முக்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டான். சிவப்பு இருக்கும்வரை அதைவிட்டு எழுந்திருப்பதில்லை என்பது அவனே போட்டுக்கொண்ட சட்டம். முதலில் சில வாரம், பச்சை வந்ததும் அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினான்: வேன் வந்தது, போனது, ஒரு ஆள் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தான், நாய் நடக்கவில்லை. பிறகு பேச்சு குறைந்தது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"இன்னிக்கு என்ன பாத்த?" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"சிவப்பு" என்றான்.

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அறைக்குள் இருந்தவளின் கைபேசிக்கு அச்சகத்திலிருந்து அழைப்பு. ஒரு தாளைக் கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள், இயந்திரம் காத்திருக்கிறது, அங்கேயே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி வேலை. கூடத்து வழியாகப் போனால் சின்னவன் தானும் வருவேன் என்பான். அவனுக்குச் சட்டை மாற்றி, செருப்பு மாட்டி, மாடியில் விடுவதற்குள் முக்கால் மணி போகும். சந்துக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தாழை ஓசைப்படாமல் நீக்கினாள். வெளியிலிருந்து பூட்டினாள். சந்தில் நடக்கும்போது, தன் வீட்டிலிருந்தே திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி நடக்கிறோமே என்று ஒரு கணம் பட்டது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, அரை மணிதானே என்று நடந்தாள்.

அச்சகத்தில் மை சரியாக ஏறவில்லை. உருளையைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்றே நான்கு மணி தாண்டியது. நடுவில் கூடத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. மணியடித்தால் எடுக்க அவனுக்குத் தெரியும். ஜன்னலோரம் வேடிக்கை பார்க்கிறான் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். மாடி வீட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், அவனைச் சொல்லாமல் விட்டுவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐந்தரைக்கு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தாள். சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது. சின்னவன் முக்காலியில், கதவுக்கு நேராக, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கால்சட்டை நனைந்து காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. முக்காலிக்குக் கீழே தரையில் ஈரம். உதடு வெடித்திருந்தது.

"சின்னவனே."

அவன் திரும்பிப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான். பிறகு அதே விரலால் சிவப்பு அட்டையைக் காட்டி, கேட்டும் கேட்காமலும் ரகசியமாகச் சொன்னான்.

"சத்தம் போடாத. அக்கா உள்ள இருக்கா."

அவள் தரையில் மண்டியிட்டு அவன் முகத்தைப் பிடித்தாள். "நான்தான்டா. என்னப் பாரு. இதோ இருக்கேன்ல." அவன் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். பயந்துபோயிருந்தான். தன்னை ஏமாற்றப் பார்க்கிறவர்களிடமிருந்து விலகுவதுபோல் மெல்ல முகத்தை விடுவித்துக்கொண்டான்.

குளிப்பாட்டி, உடை மாற்றி, தண்ணீர் குடிக்க வைப்பதற்குள் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டார். தரையையும் துணியையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மூணு மணிக்கு வந்தேனேம்மா. கத்திரிக்கோல் வாங்கிட்டுப் போலாம்னு. வாயத் தொறக்கறதுக்குள்ள 'உஸ்'ஸுன்னுட்டான். சிவப்பா இருந்துதா, நீ உள்ளதான் இருக்கேன்னு நானும் போயிட்டேன். டெலிபோன் அடிச்சப்பகூட, மேலருந்து கேட்டேன், அதையும் 'உஸ்'ஸுன்னு அதட்டினான்." சற்று நிறுத்தி, "நீ எந்த வழியாப் போன?" என்று கேட்டார்.

அவள் கண் அறைக் கதவுக்குப் போயிற்று. அவர் சந்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அன்றே அட்டையைக் கிழித்துப் போட்டாள். பெரிய வேலை ஒன்றும் இல்லை அது. ஆனால் வந்துவிட்டால் போகாது என்று அப்பா சொன்னது அவள் தம்பியைப் பற்றி, அட்டையைப் பற்றியல்ல. மறுநாளும் அதற்கு மறுநாளும் சின்னவன் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், குளி என்றால் குளித்தான். பேச்சுக் கொடுத்தால் விரலை உதட்டில் வைத்தான். வீட்டில் அவனுக்குச் சோறு போடுகிறவள் யாரோ, அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டான். அவன் அக்கா உள்ளே இருந்தாள்.

கதவை அகலத் திறந்து, கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினாள். "பாரு. யாரும் இல்ல." மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். தட்டுக்குப் பின்னால் பார்த்தான். வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். இப்போது இன்னும் கவலையாக.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவன் பழையபடி பேச வேண்டும். வேனைப் பற்றி, நாயைப் பற்றி, எதைப் பற்றியாவது. மேலாளரிடம் போய், கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் எல்லாம் நல்லா போகுது மேடம். எதுக்கு மாத்தணும்?"

"உங்களுக்கு நல்லா போகுது" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடமோ அவருக்கு முன் இருந்தவரிடமோ இப்படிப் பேசியதில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. மருந்துத் தாளை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, அவளுக்கு நாட்காட்டியும் பள்ளி அட்டவணையும் தர ஏற்பாடு செய்தார். அவற்றில் ஒரு புள்ளி போனால் யாருக்கும் உயிர் போகாது. அச்சகத்தில் 'புள்ளி மேடம்' என்ற பேரும் கொஞ்சநாளில் வழக்கொழிந்தது.

மேசையைக் கூடத்துக்கு மாற்றத் தச்சர் வந்தார். "என்ன மேஸ்திரி, சௌக்கியமா?" என்றார். சின்னவன் விரலை உதட்டில் வைத்தான். தச்சர் விளையாட்டு என்று நினைத்துத் தானும் விரலை வைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்து காட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக நடந்தார். தட்டையும் விளக்கையும் கழற்ற ஆரம்பித்தார்.

புது மேசை கூடத்தில், சாப்பாட்டு மேசையை ஒட்டி ஜன்னலோரம் வந்துவிட்டது. அவள் முக்காலியை எடுத்து அதன் பழைய இடத்தில் போட்டாள். சின்னவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு எதிரில் போட்டான். அவள் கீழ் வரியிலிருந்து நாட்காட்டியை வாய்விட்டுப் படித்தாள். "மார்ச் பதினேழு, சனி." காத்திருந்தாள். "மார்ச் பதினாறு, வெள்ளி." வேண்டுமென்றே, "பிப்ரவரி முப்பத்தொண்ணு" என்றுகூடப் படித்துப் பார்த்தாள். அவன் முதுகு அசையவில்லை.

நாற்பது நாள் போலக் கடந்தது. ஒருநாள் சாயங்காலம் அந்த வெற்று அறையைப் பெருக்கலாம் என்று உள்ளே போகப் பார்த்தாள். கூடத்துப் பக்கக் கதவைத் திறந்தால் அவன் பதறுவான். அதனால் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போனாள். பெருக்கி முடித்தாள். விளக்குமாறும் கையுமாகத் திரும்பச் சந்தைச் சுற்ற அலுப்பாக இருந்தது. கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

சின்னவன் முக்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"வந்துட்டியா" என்றான்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"எவ்ளோ நேரம்" என்றான். கையைப் பிடித்துக்கொண்டான். மேசைக்கு இழுத்துக்கொண்டு போனான். உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்: தச்சர் வந்தார், அவர் மேசைய இங்க தூக்கிட்டு வந்துட்டார், மாடியம்மா அழுதாங்க, ஏன்னு தெரியல, ஒரு பொம்பள சோறு போட்டா, நல்லவதான். "உன்னக் கூப்பிடல" என்றான். "ஒரு தடவகூடக் கூப்பிடல அக்கா."

"தெரியும்டா" என்றாள். இருட்டும்வரை அவன் பேசினான், அவள் 'ம்' கொட்டினாள்.

மறுநாள் காலை பழையபடி கதவுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டான். பேச்சில்லை. சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்து வழியாக ஓடி, அறைக்குள் நுழைந்த கையோடு கூடத்துக் கதவைத் திறந்தாள். அவன் எழுந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவன் நம்பவில்லை. முகத்தில் கோபம் இல்லை, பரிவுதான் இருந்தது. "அவசரப்படாத. முடிச்சுட்டு வா" என்று சொல்லி, அவளை மெல்ல உள்ளே தள்ளி, தானே கதவைச் சாத்தினான்.

அதிலிருந்து அவள் நேரம் கொடுத்துப் பழகிக்கொண்டாள். ஐந்து மணிக்கு நாட்காட்டிப் புரூஃபை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினால், சந்தைச் சுற்றி உள்ளே போய்க் குறைந்தது அரை மணியாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். அரை மணி இருந்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம், அவனுக்கு அவள் அக்கா. உள்ளே உட்கார நாற்காலி இல்லை, விளக்கு இல்லை, படிக்க ஒன்றும் இல்லை. ஒரு முறை புரூஃபை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வரி படித்து மூடிவிட்டாள். இப்போது சும்மாதான் போகிறாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான் என்று தெரியும். ஒரு சத்தமும் வருவதில்லை. அரை மணி நேரம் என்பது ரொம்ப நீளமாக இருக்கிறது. அந்த வியாழக்கிழமை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஓரளவு தெரிகிறது.